14 வயதுப் பிள்ளைக்கு ஏன் இந்த ஊசி? எச்.பி.வி. தடுப்பூசியும் தருமபுரி, கிருஷ்ணகிரி பெற்றோரின் கேள்விகளும்

தமிழ்நாடு அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில், 14 வயதுச் சிறுமிகளுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசியைப் படிப்படியாகப் போடப்போவதாக அறிவித்து 36 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதற்கு ஒரு வருடம் முன்பே, 2024 பிப்ரவரி 1 அன்று வந்த மத்திய அரசின் இடைக்கால பட்ஜெட்டில், 9 முதல் 14 வயது வரையிலான சிறுமிகளுக்கு இந்தத் தடுப்பூசியை ஊக்குவிப்போம் என்று ஒரு வரி இருந்தது. மறுநாள் ஒரு நடிகை இதே புற்றுநோயால் இறந்துவிட்டதாகச் செய்தி பரவியது. அதற்கடுத்த நாள் அவரே வந்து, விழிப்புணர்வுக்காகச் செய்த நாடகம் அது என்றார். அந்த மூன்று நாளில் நோயின் பெயர் எல்லோர் வாயிலும் அடிபட்டது. விவரம்தான் வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை.

பாலக்கோட்டிலோ பர்கூரிலோ ஒரு கிராமத்தில் இந்த ஊசியைப் பற்றிப் பேச்செடுத்தால், பெரும்பாலும் திரும்பி வரும் கேள்வி இதுதான்: "ஏங்க, கல்யாணமே ஆகாத புள்ளைக்குக் கர்ப்பப்பை ஊசி எதுக்குங்க?" படிக்காதவர்கள் கேட்கும் கேள்வி என்று இதை ஒதுக்க முடியாது. பட்டதாரிப் பெற்றோரும் இதையே கொஞ்சம் சுற்றி வளைத்துக் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. அதற்கான பதில் இந்த நோய் எடுத்துக்கொள்ளும் காலத்தில் இருக்கிறது. அந்தக் காலக்கணக்கு பிடிபடாததால்தான் மகளுக்கு ஊசி இப்போதே வேண்டாம் என்று சொல்லும் அதே அம்மா, தனக்கு உடம்பில் ஒன்றும் தெரியவில்லை, பரிசோதனை எதற்கு என்றும் சொல்கிறார்.

நோய் எது, கிருமி எது

கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி குறுகி, பிறப்புறுப்புப் பாதைக்குள் திறக்கிற இடம் கர்ப்பப்பை வாய். அங்கே வரும் புற்றுநோய்தான் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். கர்ப்பப்பையில் வரும் நார்க்கட்டி வேறு, இது வேறு. ஸ்கேனில் கட்டி என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பயந்து போகிறவர்கள் நிறையப் பேர் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது.

இந்தியப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்தபடியாக அதிகம் வருவது இது. 2022க்கான உலகளாவிய புற்றுநோய் மதிப்பீட்டின்படி, அந்த ஒரு ஆண்டில் இந்தியாவில் சுமார் 1.27 லட்சம் பேருக்குப் புதிதாக வந்தது. சுமார் 80,000 பேர் இறந்தார்கள்.

காரணம் ஒரு வைரஸ். மனித பாப்பிலோமா வைரஸ் என்பது முழுப்பெயர், சுருக்கமாக எச்.பி.வி. இதில் 200க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. சில வகைகள் கை காலில் மரு வரவழைப்பதோடு சரி. புற்றுநோயில் கொண்டுபோய் விடக்கூடியவை ஏறக்குறைய 14 வகைகள். அவற்றிலும் 16, 18 என்ற இரண்டு எண்கள்தான் முக்கியம். உலகில் வரும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்களில் சுமார் 70 சதவீதத்துக்கு இவை இரண்டுமே காரணம். இந்தத் தொடர்பைக் கண்டுபிடித்த ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹாசனுக்கு 2008ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

வைரஸ் முக்கியமாக உடலுறவின் மூலம் பரவுகிறது. இதைச் சொன்னதும் பேச்சு நடத்தை பக்கம் போய்விடும். ஆனால், தாம்பத்திய வாழ்க்கைக்குள் வந்த ஆண், பெண் யாருக்கும் வாழ்நாளில் ஒருமுறையாவது எச்.பி.வி. தொற்றியிருக்க வாய்ப்பு மிக அதிகம். கணவனைத் தவிர வேறு யாரையும் அறியாத பெண்ணுக்கும் கணவன் வழியாக வரும். வந்தது கணவனுக்கும் தெரியாது, ஏனென்றால் ஆணிடம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் இருக்காது. இந்த நோய் வந்த பெண்ணின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு மருத்துவத்தில் எந்த ஆதாரமும் கிடையாது.

தொற்றிலிருந்து புற்றுவரை: நான்கு கட்டங்கள்

1. தொற்று. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. வந்த நாளைப் பெண்ணால் சொல்லவே முடியாது.

2. நீங்குதல். பத்தில் ஒன்பது தொற்றுகளை உடம்பே ஒன்றிரண்டு ஆண்டுகளில் விரட்டிவிடுகிறது. மருந்து தேவையில்லை.

3. தங்குதல். மிச்சமிருக்கும் சிறு பங்கில் வைரஸ் போகாமல் தங்கிவிடும். இதை நீடித்த தொற்று என்கிறார்கள். இப்படித் தங்கும் இடத்தில் கர்ப்பப்பை வாயின் மேல்தோல் செல்கள் மெல்ல மாறத் தொடங்கும். இது புற்றுநோய் அல்ல, அதற்கு முந்தைய நிலை. இந்த நிலையில் பிடித்தால் சிறு சிகிச்சையோடு முடிந்துவிடும். இப்போதும் வெளியே எந்த அறிகுறியும் இருக்காது.

4. புற்று. தொற்றிய நாளிலிருந்து இங்கே வந்து சேரப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள். எச்.ஐ.வி. போன்ற காரணங்களால் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு 5 முதல் 10 ஆண்டுகளே போதும்.

உறவுக்குப் பிறகு இரத்தப்போக்கு, மாதவிலக்கு நின்றபின் மறுபடி இரத்தம், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், விடாத இடுப்புவலி, இவையெல்லாம் பெரும்பாலும் நான்காவது கட்டத்தில்தான் தெரியும். நம் பக்கத்தில் வெள்ளைப்படுதலை உடல்சூடு என்று வைத்துக்கொண்டு வெந்தயமும் மோரும் குடித்து மாதக்கணக்கில் தள்ளிவிடுவது சாதாரணம். வெள்ளைப்படுதல் எல்லாம் புற்றுநோய் இல்லைதான். ஆனால் நாற்றமோ இரத்தமோ சேர்ந்தால் அதைச் சூட்டுக் கணக்கில் எழுதக் கூடாது.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு இந்தக் கட்டங்கள் ஏன் கூடுதலாகப் பொருந்துகின்றன என்றால், குழந்தைத் திருமணத் தடுப்பு என்று செய்தி வரும்போது அடிக்கடி அடிபடும் பெயர்கள் இவை. இளம் வயதில் கர்ப்பப்பை வாய்த் திசு முழுதாக முதிர்ந்திருக்காது. அந்த நேரத்தில் தொற்று வந்தால் தங்குவதற்கு வசதி அதிகம். சிறு வயதில் பிரசவமும் அடுத்தடுத்த பிரசவங்களும் ஆபத்தைக் கூட்டுகின்றன. 16, 17 வயதில் கல்யாணம் செய்துவைக்கப்பட்ட பெண்ணுக்கு, மேலே சொன்ன 15, 20 ஆண்டுக் கணக்கு 35 வயதுக்குள்ளேயே முடிந்துவிடலாம். வீட்டில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும் வயது அது.

ஊசிக்குள் இருப்பது என்ன

இந்தத் தடுப்பூசியில் வைரஸே கிடையாது. வைரஸின் மேலுறையில் உள்ள ஒரு புரதத்தை மட்டும் ஈஸ்ட் போன்ற செல்களில் தனியாக வளர்த்து எடுக்கிறார்கள். அந்தப் புரதம் தானாகவே கூடி, பார்வைக்கு வைரஸ் மாதிரியே உருண்டையாகிவிடும். பருப்பு இல்லாத கடலைத்தோடு போல, உள்ளே மரபணு எதுவும் இருக்காது. ஆகவே ஊசியால் எச்.பி.வி. தொற்று வர வழியே இல்லை. உடம்பு அந்த உருவத்தைப் பார்த்து எதிர்ப்பொருளைத் தயார் செய்து வைத்துக்கொள்கிறது. நிஜ வைரஸ் வரும்போது செல்லுக்குள் நுழையவிடாமல் அது தடுக்கும்.

முக்கியமான சொல் "வரும்போது". ஏற்கெனவே உள்ளே வந்து தங்கிவிட்ட வைரஸை இந்த ஊசி வெளியேற்றாது, மாறத் தொடங்கிய செல்லையும் சரிசெய்யாது. அதனால்தான் 9 முதல் 14 வயது. வைரஸைச் சந்திக்க வாய்ப்பே வராத காலத்தில் போட்டால்தான் முழுப் பலன். கூடுதலாக, இந்த வயதில் உடம்பு உருவாக்கும் எதிர்ப்பொருளின் அளவு பெரியவர்களைவிட அதிகம். கல்யாணம் ஆகாத பிள்ளைக்கு எதற்கு என்ற கேள்விக்கு, கல்யாணம் ஆகாததால்தான் என்பதே நேரான பதில்.

பலன் உண்டா என்பதை இப்போது ஊகிக்க வேண்டியதில்லை. ஸ்வீடனில் 17 வயதுக்கு முன் ஊசி போட்டுக்கொண்ட பெண்களிடம் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 88 சதவீதம் குறைவாக இருந்ததாக 2020ல் ஆய்வு வெளியானது. இங்கிலாந்தில் 12, 13 வயதில் ஊசி கிடைத்த தலைமுறையில் 87 சதவீதம் குறைந்தது. ஸ்காட்லாந்தில் அதே வயதில் போட்டுக்கொண்டவர்களில் ஒருவருக்குக்கூட இந்தப் புற்றுநோய் வரவில்லை என்று 2024ல் தெரியவந்தது. பணக்கார நாடுகளில்தான் நடக்கும் என்று சொல்வதற்கும் இடமில்லை. ருவாண்டா 2011லேயே தொடங்கி, பெரும்பாலான சிறுமிகளுக்குப் போட்டுக் காட்டியது. இந்தியாவில் சிக்கிம் 2018ல் திட்டமிட்ட வயதுச் சிறுமிகளில் 95 சதவீதத்துக்கு மேல் எட்டியது.

சந்தையில் இருப்பவை பற்றி ஒரு வார்த்தை. கார்டசில் 2006ல் வந்தது, இந்தியாவில் 2008 முதல் கிடைக்கிறது. ஒன்பது வகை வைரஸ்களைத் தடுக்கும் கார்டசில் 9 அதற்குப் பிறகு வந்தது. புனேயின் சீரம் இன்ஸ்டிட்யூட் தயாரித்த செர்வாவாக் 2022ல் அனுமதி பெற்று, 2023 தொடக்கத்தில் தனியார் சந்தைக்கு ஒரு டோஸ் சுமார் 2,000 ரூபாய்க்கு வந்தது. அது 6, 11, 16, 18 ஆகிய நான்கு வகைகளுக்கானது. ஆண் பிள்ளைகளுக்கும் போடலாம். கையில் பணம் குறைவாக இருக்கும்போது முதலில் பெண் பிள்ளைகளுக்கு என்பதே உலக நடைமுறை.

ஒன்றா, இரண்டா, மூன்றா

பள்ளியில் ஒரு ஊசி என்கிறார்கள், ஓசூரில் தனியார் மருத்துவர் இரண்டு என்கிறார், காலேஜ் போகும் அக்காவுக்கு மூன்று என்கிறார். யாரோ பொய் சொல்கிறார்கள் என்று தோன்றுவது இயல்பு. யாரும் பொய் சொல்லவில்லை. இதன் பின்னால் ஒரு விசித்திரமான கதை இருக்கிறது, அதன் களம் இந்தியா.

2009ல் இந்தியாவின் ஒன்பது மையங்களில், திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கை உட்பட, ஒரு ஆய்வு தொடங்கியது. மூன்று டோஸுக்குப் பதில் இரண்டு போதுமா என்று பார்ப்பதுதான் நோக்கம். 2010 ஏப்ரலில், வேறொரு திட்டத்தில் எழுந்த சர்ச்சையால் நாடு முழுக்க எச்.பி.வி. தடுப்பூசி ஆய்வுகள் நிறுத்தப்பட்டன. பாதியில் நின்றதால் சுமார் 5,000 சிறுமிகள் ஒரே ஒரு டோஸோடு இருந்துவிட்டார்கள். ஆய்வாளர்கள் அவர்களை அப்படியே விட்டுவிடாமல் பத்து ஆண்டு தொடர்ந்து கவனித்தார்கள். 16, 18 வகைகளின் நீடித்த தொற்றிலிருந்து ஒரு டோஸ் தந்த பாதுகாப்பு, இரண்டு மூன்று டோஸ் தந்ததற்குச் சமமாகவே இருந்தது. 95 சதவீதத்துக்கும் மேல்.

இந்த முடிவு 2021ல் வெளியானது. பிற நாட்டு ஆய்வுகளும் ஒத்துப்போக, 2022ல் உலக சுகாதார நிறுவனம் தன் பரிந்துரையை மாற்றியது. அதன்படி:

1. 9 முதல் 20 வயது வரை ஒன்று அல்லது இரண்டு டோஸ்.
2. 21 வயதுக்கு மேல் ஆறு மாத இடைவெளியில் இரண்டு.
3. எச்.ஐ.வி. உள்ளவர்கள், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்குக் குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று.

மருந்து நிறுவனத்தின் உரிமத்தில் எழுதியுள்ள அட்டவணை இன்னும் பழையது: 14 வயது வரை இரண்டு, 15 முதல் மூன்று. தனியார் மருத்துவர் அந்த அட்டவணையைப் பின்பற்றுகிறார். லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குப் போட வேண்டிய அரசுகள் ஒரு டோஸ் பக்கம் சாய்கின்றன. இருக்கிற பணத்தில் ஒரு பிள்ளைக்கு இரண்டு ஊசி போடுவதைவிட இரண்டு பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்று போடுவது அதிக உயிர்களைக் காக்கும். வேலை தேடி இடம் மாறும் குடும்பங்களில், ஆறு மாதம் கழித்து அதே பிள்ளையைத் தேடிப் பிடிப்பதும் சாமானியமல்ல.

பயம் எங்கிருந்து வந்தது

மேலே சொன்ன "வேறொரு திட்டம்" அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் நடந்தது. 2009ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் ஊசி போட்டுக்கொண்ட ஏழு சிறுமிகள் இறந்தார்கள். ஒருவர் நீரில் மூழ்கி, ஒருவர் பாம்பு கடித்து, இருவர் பூச்சிமருந்து குடித்து, மற்றவர்கள் காய்ச்சல் போன்ற காரணங்களால் இறந்தார்கள் என்றும், தடுப்பூசியோடு தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை என்றும் விசாரணை சொன்னது. ஆனால் அதே விசாரணை இன்னொன்றையும் வெளியே கொண்டுவந்தது. விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமிகளுக்குப் பெற்றோரைக் கேட்காமல், வார்டனும் தலைமையாசிரியரும் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 2013ல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது.

இன்றைக்கும் வாட்ஸ்அப்பில் சுற்றும் "ஏழு பெண்கள் செத்துப்போனார்கள்" என்ற செய்தியின் மூலம் இதுதான். மரணத்துக்குக் காரணம் ஊசி என்பது தவறு. பெற்றோரை ஏமாற்றினார்கள் என்ற கோபம் சரி. இரண்டையும் பிரித்துச் சொல்லாமல் "எல்லாம் வதந்தி" என்று ஒரே வார்த்தையில் அடைத்தால் கேட்பவர் நம்ப மாட்டார், நம்பவும் தேவையில்லை.

தமிழ்நாட்டுக்கு இதற்கு நெருக்கமான அனுபவம் 2017ல் கிடைத்தது. அந்தப் பிப்ரவரியில் தட்டம்மை, ருபெல்லா தடுப்பூசி முகாம் பள்ளிகளில் நடந்தபோது, வாட்ஸ்அப் ஆடியோக்களை நம்பிப் பல பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்தினார்கள். பயம் ஒரு நாட்டையே நிறுத்திவிடும் என்பதற்கு ஜப்பான் சாட்சி. 2013ல் பக்கவிளைவுப் புகார்கள் டிவியில் ஓடியதும் அரசு பரிந்துரையைப் பின்வாங்கியது. சுமார் 70 சதவீதமாக இருந்த தடுப்பூசி அளவு 1 சதவீதத்துக்கும் கீழே விழுந்தது. ஊசியோடு தொடர்பு நிரூபணமாகாததால் 2022ல் பரிந்துரை திரும்பி வந்தது. இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் வளர்ந்த பிள்ளைகள்தான் இழந்தவர்கள்.

அடிக்கடி எழும் மற்ற சந்தேகங்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

1. "குழந்தை பிறக்காமல் செய்துவிடும்." இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்புக் குழு கோடிக்கணக்கான டோஸ்களின் தரவை ஆராய்ந்து, மலட்டுத்தன்மைக்குத் தொடர்பில்லை என்றது. சொல்லப்போனால் புற்று முற்றி, கர்ப்பப்பையை எடுக்கவோ கதிர்வீச்சு கொடுக்கவோ நேர்ந்தால்தான் பிள்ளைப்பேறு போகும்.

2. "பிள்ளைகள் மயங்கி விழுகிறார்கள்." உண்மை, ஆனால் காரணம் மருந்து அல்ல. பதின்ம வயதில் எந்த ஊசிக்கும் பயத்தில் மயக்கம் வரும், வரிசையில் ஒருத்தி விழுந்தால் அடுத்தவளுக்கும் தலை சுற்றும். உட்காரவைத்துப் போட்டு, அரை மணி நேரம் அங்கேயே வைத்திருந்து அனுப்புவது இதற்குத்தான். காலையில் சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். கைவலி, லேசான காய்ச்சல் ஒன்றிரண்டு நாளில் போய்விடும்.

3. "வயசுக்கு வந்தபிறகு பார்த்துக்கலாம்." பூப்படைவதற்கும் இந்த ஊசிக்கும் சம்பந்தமில்லை. மாதவிலக்கு நாளிலும் போடலாம்.

4. "இந்த ஊசி போட்டதாகத் தெரிந்தால் சம்பந்தம் பேசும்போது தப்பாக நினைப்பார்கள்." இதற்கு மருத்துவப் பதில் கிடையாது. வகுப்பில் உள்ள எல்லாப் பெண் பிள்ளைகளுக்கும் ஒரே நாளில் போட்டால், தனியாகச் சுட்டிக்காட்ட ஆளிருக்காது. பள்ளியை மையமாக வைப்பதன் பெரிய நன்மை இது.

பள்ளிக்கு வெளியே இருப்பவர்கள்

பள்ளி வழி ஊசி என்றால் பள்ளியில் இல்லாதவருக்கு இல்லை என்றாகிவிடும் ஆபத்து உண்டு. எட்டாம் வகுப்போடு நின்றவள், பெற்றோருடன் பெங்களூரு கட்டட வேலைக்குப் போனவள், நிச்சயம் முடிந்து வீட்டில் வைக்கப்பட்டவள், இவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். வருகைப் பதிவேட்டில் இவர்கள் பெயர் இருக்காது. சித்தேரி, வத்தல்மலை, அஞ்செட்டி, பெட்டமுகிலாளம் போன்ற மலைப்பகுதிகளில் கிராம சுகாதாரச் செவிலியரின் குடும்பப் பதிவேட்டிலிருந்துதான் இவர்களைத் தேடியெடுக்க முடியும்.

சம்மதப் படிவமும் கவனிக்க வேண்டியது. தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கம் வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசும் குடும்பங்கள் ஏராளம், அந்த மொழிவழிப் பள்ளிகளும் இருக்கின்றன. தமிழில் மட்டும் அச்சடித்த தாளைப் பையில் போட்டு அனுப்பிக் கையெழுத்து வாங்குவது கையெழுத்து வாங்குவது மட்டுமே. உண்டு உறைவிடப் பள்ளிகளில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். பெற்றோர் மலையில் இருக்கிறார்கள், வர ஒரு நாள் கூலி போகும் என்று வார்டன் கையெழுத்தில் வேலையை முடித்தால், கம்மத்தில் நடந்த அதே தவறு இங்கேயும் நடக்கும்.

அம்மாவுக்கு ஊசி அல்ல, பரிசோதனை

மகளுக்கான படிவத்தில் கையெழுத்துப் போடும் அம்மாவுக்குப் பெரும்பாலும் 30 தாண்டியிருக்கும். அவருக்கு இந்த ஊசியால் கிடைக்கும் பலன் குறைவு. மேலே சொன்ன மூன்றாவது கட்டத்தில் அவர் இருக்கிறாரா என்று பார்ப்பதே தேவை. ஊசி போட்டுக்கொண்ட மகளும் 30 வயதுக்குப் பின் பரிசோதனைக்கு வர வேண்டியவள்தான், ஏனென்றால் ஊசி எல்லா வகை வைரஸையும் தடுப்பதில்லை.

அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு இந்தப் பரிசோதனை இலவசம். தேனியிலும் தஞ்சாவூரிலும் 2007ல் முன்னோட்டமாகத் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்க விரிந்த திட்டம் இது. அப்படியிருந்தும் 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் எப்போதாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் தமிழ்நாட்டில் சுமார் 10 சதவீதம்தான். நாடு முழுக்க எடுத்தால் 2 சதவீதத்தைத் தொடவில்லை, நாம் அதில் மேலே இருக்கிறோம் என்று பெருமைப்பட்டுக்கொள்ள இதில் ஒன்றும் இல்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021 ஆகஸ்டில் தொடங்கிவைத்த இடம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளி. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கு வருகிறது. இந்தப் பரிசோதனைக்கு மட்டும் பெண்தான் எழுந்து போக வேண்டியிருக்கிறது. அங்கேதான் தடை: கூலி, கூச்சம், பெண் ஊழியர் இருப்பாரா என்ற தயக்கம்.

செய்முறை மிக எளிது. மாதவிலக்கு நாட்களைத் தவிர்த்துவிட்டுப் போக வேண்டும். படுக்கவைத்து, பிறப்புறுப்பில் ஒரு சிறு கருவியை வைத்து, கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைப் பஞ்சால் தொட்டுவைப்பார்கள். வினிகரில் இருப்பதும் இதே அமிலம்தான், லேசாகக் காந்தலாம். ஒரு நிமிடம் காத்திருந்து பார்த்தால், மாறிய செல்கள் உள்ள இடம் வெள்ளையாகத் தெரியும். முடிவு அங்கேயே, அப்போதே. திண்டுக்கல் மாவட்டத்தில் இதே முறையை வைத்து நடந்து 2007ல் வெளியான ஆய்வில், ஒரே ஒரு முறை பரிசோதித்ததிலேயே இந்தப் புற்றுநோயால் வரும் மரணங்கள் 35 சதவீதம் குறைந்தன.

வெள்ளை தெரிந்தால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. தொற்று, புண், வீக்கத்திலும் வெள்ளையாகும். அடுத்து கால்பாஸ்கோப் என்ற உருப்பெருக்கிக் கருவியில் பார்த்து, தேவைப்பட்டால் துளி சதை எடுத்து சோதனைக்கு அனுப்புவார்கள். இதற்குத் தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் போன்ற பெரிய இடங்களுக்குப் போகச் சொல்வார்கள். முந்தைய நிலை என்று உறுதியானால் குளிரூட்டியோ சூடுகொடுத்தோ அந்த இடத்தை மட்டும் அகற்றிவிடலாம், கர்ப்பப்பை அப்படியே இருக்கும். பலரும் நழுவுவது முதல் பரிசோதனைக்கும் இந்த இரண்டாவது பயணத்துக்கும் நடுவில்தான். சீட்டைக் கையில் வாங்கும்போதே எந்தக் கிழமை, எந்த அறை, யாரைப் பார்க்க வேண்டும் என்று அதிலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.